லாரிக்கான பிரதி

என் தம்பி மீர்கோவின் லாரிக்கு
எம்பி3 மட்டுந்தான் தெரியும்.
வேறெதைக் கொடுத்தாலும்
'கோப்பு இல்லை' என்று சொல்லிவிட்டு
மணி காட்டும்.

புந்தா அரேனாஸில் ஜூலை மாதம்.
சாயங்காலம் என்று ஒன்று வரவேயில்லை, நேரே இருட்டு.
தகரக் கூரையின் ஒரு முனையைக் காற்று
தூக்கிப் பார்த்துப் பார்த்து வைக்கிறது,
மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து
வாங்காமல் போகிறவளைப் போல.

பதினோராயிரத்துச் சொச்சம் பாட்டு.
எல்லாம் குறுவட்டிலிருந்து நானே இறக்கியது,
ஒரு பிட் குறையாமல்.
துறைமுகத்தில் நண்டுப் பெட்டி எண்ணுகிற வேலை எனக்கு.
கணக்கில் ஒன்று குறைந்தாலும் தூக்கம் வராது.
அப்படிப்பட்டவள் இப்போது
முந்நூற்று நாற்பது ஜிகாபைட்டை
கட்டைவிரல் நீளப் பென்டிரைவுக்குள்
மடித்து உட்காரவைக்க வேண்டும்.

எவ்வளவு தரம், என்று கேட்கிறது மென்பொருள்.
முந்நூற்றிருபது: இடம் போதாது.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு: மயிரிழையில் போதாது.
சரி, நூற்றிருபத்தெட்டு.
சொல்லும்போதே
பேரம் படிந்து தலையாட்டியது போலிருந்தது.

எதை எதைத் தூக்கிப் போடும் என்று படித்திருக்கிறேன்.
பெரிய சத்தத்தின் பக்கத்தில் நிற்கும் சின்னச் சத்தத்தை.
முரசு விழுந்த மறுகணம் யாரோ இழுக்கும் மூச்சை.
பதினாறாயிரம் அதிர்வுக்கு மேலே
நாய்களும் வௌவால்களும் நடமாடும் விளிம்பை.
'உனக்கு எப்படியும் கேட்காது' என்று
ஒரு பொறியாளர், என் காதைப் பார்க்காமலே,
எனக்கும் சேர்த்து முடிவெடுத்திருக்கிறார்.

விடுவேனா.
கண்ணை மூடிக்கொண்டு சோதனை வைத்தேன்.
மூலம், பிரதி, பிரதி, மூலம்.
கணினி மாற்றி மாற்றிப் போட, நான் சொல்ல,
இருபதில் பதினொன்று சரி.
காசைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.
அரைமணி நேரம் யாரோடும் பேசவில்லை நான்.
வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது தனி விஷயம்.

இரவெல்லாம் விசிறி இரைந்தது.
விடிந்து பார்த்தால் எல்லாம் இளைத்துப்போய்
வரிசையாக நிற்கின்றன.
மூன்று மட்டும் மாறமாட்டேன் என்று
சிவப்பாகக் கிடந்தன.
திரும்ப முயலவில்லை.
வீட்டுக்கு மூன்று அடங்காததுகள் வேண்டும்.

நீரிணையைத் தாண்டிப் போனான் மீர்கோ,
பனியில் கிடக்கும் பண்ணைகளுக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு.
கம்பிவேலி, சரளைக்கல், ஒரு குவனாக்கோ,
மறுபடி கம்பிவேலி.
சிக்னல் கிடையாது.
எஞ்சின் உறுமலுக்கும் தார்ப்பாயின் படபடப்புக்கும் நடுவே
எது மூலம், எது பிரதி,
எந்த வௌவால் வந்து சாட்சி சொல்லும்?

மூன்றாம் நாள் கூப்பிட்டான்,
போர்வெனிரில் படகுக்கு வரிசையில் நின்றபடி.
பாட்டெல்லாம் பிரமாதம் அக்கா,
பெயர்தான் இடிக்கிறது.
எழுத்தின் தலையில் குறி ஏதும் இருந்தால்
லாரிக்குப் படிக்கத் தெரியவில்லை,
கேள்விக்குறி போட்டுவிடுகிறது.

எனக்குப் புரிந்தது.
நாங்கள் இருவரும் ஒரு குளிர்காலம்
கார் கொட்டகையில் பதிந்த ஆறு பாட்டு.
அதில் எங்கள் குடும்பப் பெயரைக்
குறிகளோடு எழுதியிருந்தேன்.
கப்பலில் வந்திறங்கியவர்களிடமிருந்து
அந்த இரண்டு குறிகளையும்
குடியேற்ற எழுத்தர் கழற்றி வைத்துக்கொண்டார்.
அடையாள அட்டையில் இன்றும் மொட்டைதான்.
பிராடாசிச் என்ற பெயர்
தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது
உலகத்திலேயே என் வன்தட்டில் மட்டும்.

வழியில் ஒரு பண்ணைக்காரரை ஏற்றிக்கொண்டேன், என்றான்.
நம்ம பாட்டு வந்தது.
யார் பாடுவது என்று கேட்டார்.
நான்தான் என்றேன்.
சின்னத் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு,
'பேரே சந்தேகமாக இருக்கிறதே, தம்பி' என்றார்.

மாற்றி அனுப்பட்டுமா, என்றேன்.
அவன் பக்கம் ஒரே காற்று.
என்னவோ சொன்னான்,
பாதி வந்தது.